ஐஸ் இல்லாத ஞாயிறு

விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தால்
அது ஐஸ் என்றுதான் நினைத்திருந்தேன்.
ஆறு வருஷமாய் மண்டபத்தில், நண்டுக் கம்பெனியில்,
வெந்த நண்டின் கால் உடைத்துச் சதை பிரித்து
ஐஸ்மேல் வைக்கிற விரல்கள்.
மரத்துப்போவது கூலியோடு சேர்த்தி.

அன்று ஞாயிறு.
ஐஸ் இல்லை, கத்தி இல்லை,
தலையில் வலைத்தொப்பி இல்லை.
உச்சிப்புளிக் கடைத்தெருவில்
கத்திரிக்காய் கிலோ என்ன என்று கேட்க வந்த வாய்
பாதியில் உலர்ந்தது.
விரலில் எறும்பு.
உதட்டைச் சுற்றியும் எறும்பு.
தொண்டையில் நைலான் கயிற்றைச் சுருக்கிட்டு
யாரோ மெல்ல இழுக்கிறார்கள்.
கியரில் விழாத விசைப்படகு மாதிரி
நெஞ்சு உறுமுகிறது, உறுமுகிறது,
படகு நகரவில்லை.
முழங்காலுக்குக் கீழே சேறு.
கடைக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
"எம்மா, வேணுமா வேணாமா?" என்கிறார்.

சாகப்போகிறேன் என்று தெரிந்தது.
தோன்றவில்லை. தெரிந்தது.
இந்த வித்தியாசத்தை
இதுவரை யாருக்கும் சொல்லிப் புரியவைத்ததில்லை.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ்கள், சில்லென்ற பசை.
கட்டம் போட்ட தாளில் அலை அலையாய் நான்.
தாளின் தலைப்பில்:
நம்புச்செல்வி, 34, பெண்.
"ஹார்ட்ல ஒண்ணுமில்லம்மா."
என் பெயரே ஓர் ஏவல்.
இருந்தும் நம்ப முடியவில்லை.
ஒண்ணுமில்லாததா என்னைத் தெருவில் உட்காரவைத்தது?

கேஸ், ஓமவாட்டர் குடி என்றார் வீட்டுக்காரர்.
ஏர்வாடிக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய் வருவோம் என்றாள் நாத்தனார்.
சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லாமல்
அரைநாள் கூலியைப் பிடித்தார்.

மூன்றாம் தடவை போனபோது
தூக்கம் கெட்ட கண்ணோடு ஒரு டூட்டி டாக்டர்:
"ஓடுறதுக்கு ஒடம்பு தயாராயிருச்சு.
தொரத்துறதுக்குத்தான் யாருமில்ல.
இது பொய் இல்ல, ஆனா கொல்லாது."
பொய் இல்லை என்று சொன்னாரே,
அதற்குத்தான் அழுதேன்.

பிறகு ஃபோனில் நேரம் பார்க்க ஆரம்பித்தேன்.
பதினோரு நிமிஷம்.
ஒரு தடவை ஒன்பது.
மழையன்று பதினாலு.
ஒரு கூடை நண்டு வேகிற நேரம், ஏறக்குறைய.
கொதிக்கும், நுரை ஏறும்,
மூடி தடதடக்கும்,
அடுப்பு தானே தணியும்.

பாலத்துக்குத் தெற்கே ஆண்கடல், வடக்கே பெண்கடல்.
கச்சான் அடித்தால் அது கலங்கும்,
வாடை அடித்தால் இது.
கலங்கின பக்கத்தைப் பார்த்து
கடல் செத்துப்போச்சு என்று
எங்கள் ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை.
காற்று மாறட்டும் என்பார்கள்.
படகைக் கட்டிவிட்டுப் பீடி பற்றவைப்பார்கள்.

எனக்குப் பீடி இல்லை.
மூச்சு இருக்கிறது.
இழுக்காதே, விடு.
உள்ளே நாலு எண்ணி, வெளியே ஏழு,
சூடான டீயை ஊதுகிற மாதிரி.
முதல் மூன்று மூச்சுக்கு ஒன்றும் நடக்காது,
இன்னும் பயம்தான் கூடும்.
குதிகாலைத் தரையில் அழுத்துகிறேன்.
கண்ணில் பட்டதற்குப் பெயர் சொல்கிறேன்:
நீலக் கூடை, தராசு, டியூப்லைட்,
ஜெசிந்தாவின் மூக்குத்தி.
அவளுக்குத் தெரியும்; எதுவும் கேட்கமாட்டாள்.
ஒரு ஐஸ்கட்டியை என் உள்ளங்கையில் வைத்து மூடுவாள்.
எந்தக் குளிர் விரலை மரக்கடித்ததோ
அதே குளிர்
உடம்பு இங்கேதான் இருக்கிறது என்று சொல்லும்.

எல்லாத் தடவையும் பலிப்பதில்லை.
போன மாசம் பாம்பன் பஸ்ஸில்
பாதிப் பாலத்தில் வந்தது.
இறங்க முடியாது, இருக்க முடியாது.
முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி
அக்கரை வரும்வரை
செத்துக்கொண்டேதான் இருந்தேன்.
ஸ்டாப்பில் இறங்கிச் சில்லறை எண்ணினேன். சரியாக இருந்தது.

நேற்று ஞாயிறு.
அதே கடைத்தெரு, அதே மனுஷர்.
எறும்பு வந்தது.
வா, வந்து ஊர்ந்துவிட்டுப் போ என்று விட்டேன்.
கேள்வியை இந்தத் தடவை முடித்தேன்:
கத்திரிக்காய் கிலோ என்ன?
நூற்றிருபது என்றார்.
அதற்கு நெஞ்சு அடைத்தது வேறு கதை.